யூதப் பள்ளிச் சமூகத்தில் புதிதாகச் சேர்வோருக்கு: நாட்காட்டி முதல் துக்க வீடு வரை

அமெரிக்காவில் டே ஸ்கூல் என்று அழைக்கப்படும் யூதப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், கணினி, உடற்கல்வி போன்ற பொதுப் பாடங்களைக் கற்பிக்க யூதரல்லாத ஆசிரியர்களும் சேர்கிறார்கள். அலுவலகப் பணிகளிலும் அப்படியே. அத்தகைய பள்ளியில் வேலைக்குச் சேரும் தமிழர்களுக்காகவும், யூதக் குடும்பத்தில் மணம் புரிந்து பிள்ளையை அங்கே சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முதலில் வகுப்பறையிலும் பின்னர் முன்னாள் மாணவர் தொடர்பு அலுவலகத்திலும் பணியாற்றியதால், புதியவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாடம் நடத்துவதில் யாரும் அதிகம் சிரமப்படுவதில்லை. பள்ளியைச் சுற்றியிருக்கும் சமூக வாழ்க்கை பிடிபடுவதற்குத்தான் நாளாகிறது.

அந்தச் சமூகம் இன்றைய மாணவர்களோடு நின்றுவிடுவதில்லை. அவர்களுடைய பெற்றோர், தாத்தா பாட்டி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்து வெளியேறியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சுற்றுவட்டாரத் தொழுகைக்கூடங்கள் எல்லாம் அதில் அடங்கும். முன்னாள் மாணவர் ஒருவர் தம் மகளின் நிச்சயதார்த்தத்தைப் பள்ளிக்குத் தெரிவிக்கிறார். பள்ளி அதை மற்ற எல்லாருக்கும் தெரிவிக்கிறது. ஒருவருடைய தந்தை இறந்தால், அன்று மாலைக்குள் உடன் படித்தவர்கள் அனைவருக்கும் செய்தி போய்விடுகிறது. ஆண்டுக்கொரு விருந்து நடத்திக் கலைந்துபோகும் சங்கமாக இதை நினைத்து வருபவர் பலவற்றைத் தவறவிடுவார். நன்மைக்கும் தீமைக்கும் நேரில் வந்து நிற்பதுதான் இங்கே உறவின் அடிப்படை. கீழே சொல்லும் படிகள் அனைத்தும் அதற்கான ஆயத்தங்களே.

முதல் படி: பள்ளியின் மரபை அறிதல்

எல்லா யூதப் பள்ளிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள ராமாஸ், பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் உள்ள மைமோனிடிஸ் ஆகிய இரண்டும் 1937-ல் தொடங்கப்பட்டவை. இரண்டுமே, சமய விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தபடியே நவீனக் கல்வியையும் ஏற்கும் நவீன ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்தவை. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞரின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் கன்சர்வேடிவ் என்னும் இடைநிலை மரபிலிருந்து வளர்ந்தவை. கன்சர்வேடிவ் என்ற இந்தப் பெயருக்கும் அமெரிக்க அரசியலுக்கும் தொடர்பில்லை. இவை தவிர, விதிகளில் தளர்வான ரிஃபார்ம் மரபுப் பள்ளிகளும், எல்லா மரபினரையும் சேர்த்துக்கொள்ளும் சமூகப் பள்ளிகளும் உண்டு. பல்வேறு மரபுகளின் பள்ளிகளுக்காக இயங்கிய ஐந்து அமைப்புகள் ஒன்றிணைந்து 2016-ல் பிரிஸ்மா என்ற பொது அமைப்பாயின. இவை அனைத்துக்கும் பொதுவானது இரட்டைப் பாடத்திட்டம்: நாளின் ஒரு பகுதி பொதுப் பாடங்களுக்கு, மற்றொரு பகுதி எபிரேயம், தோரா என்னும் மறைநூல், சமயச் சட்ட நூல்களான மிஷ்னா, தல்மூத் ஆகியவற்றுக்கு. அதனால் பள்ளி நேரம் மற்ற பள்ளிகளைவிட நீளமாக இருக்கும்.

மரபை அறிந்துகொள்வது நடைமுறைக்கு மிகவும் உதவும். ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் ஆண் விருந்தினர்கள் கிப்பா என்னும் சிறு தொப்பியை அணிவதும், தொழுகையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வதும் வழக்கம். முழங்கையையும் முழங்காலையும் மறைக்கும் உடையைப் பெண்களிடம் எதிர்பார்ப்பார்கள். அங்குள்ள சிலர் எதிர்பாலினத்தவரோடு கைகுலுக்க மாட்டார்கள். நீங்களாகக் கையை நீட்டாமல், அவர் நீட்டினால் குலுக்குங்கள். நம் வணக்கம் இந்த இடத்தில் எவருக்கும் சங்கடம் தராது. சமூகப் பள்ளிகளில் இவற்றில் பல கட்டாயமில்லை. பணிக்குச் சேரும் முதல் வாரத்திலேயே, இங்கே எது விதி, எது அவரவர் விருப்பம் என்று தலைமையாசிரியரின் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய கல்வி மரபே கேள்வி கேட்பதில்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: நாட்காட்டியைக் கைவசமாக்குதல்

நான் எதையாவது வற்புறுத்திச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். யூத நாட்காட்டி சந்திரனின் மாதங்களையும் சூரியனின் ஆண்டையும் இணைத்துச் செல்வது. 19 ஆண்டுச் சுற்றில் ஏழு முறை அதார் என்னும் மாதம் இரண்டாகும். எனவே பண்டிகைகள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகரும். நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், பண்டிகை திங்கட்கிழமை என்று அச்சிட்டிருந்தால் ஞாயிறு மாலையே எல்லாம் நின்றுவிடும். எபிரேயத் தேதியைக் காட்டும் நாட்காட்டி ஒன்றை உங்கள் கைப்பேசியில் சேர்த்து, வரும் இரண்டு ஆண்டுகளுக்கான பண்டிகை நாட்களை இப்போதே குறித்துவையுங்கள்.

வாரத்தின் அச்சு, ஓய்வு நாளான சபாத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடங்கள் முன்பு விளக்கேற்றுவது பரவலான வழக்கம். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் அது முடியும். நியூயார்க்கில் டிசம்பர் மாத வெள்ளிகளில் மாலை நான்கு மணி தாண்டியதுமே விளக்கேற்றும் நேரம் வந்துவிடும் என்பதால் பள்ளி நண்பகலை ஒட்டியே கலைந்துவிடுகிறது. சபாத்தைக் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவதில்லை, கைப்பேசியைத் தொடுவதில்லை, பணம் கையாளுவதில்லை. வெள்ளி பிற்பகலில் அவசரக் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. முக்கியப் பண்டிகைகளை இஸ்ரேலுக்கு வெளியே மரபுவழி யூதர்கள் இரண்டு நாட்களாகக் கொண்டாடுவதால், அவை வியாழன், வெள்ளியில் வந்து சபாத்தோடு சேர்ந்துகொண்டால் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு எந்தப் பதிலும் வராது.

முன்னாள் மாணவர் நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று மூன்று வாரங்களுக்கு மேல் பண்டிகைகள் அடுத்தடுத்து வருவதால் அந்தக் காலத்தில் எதையும் திட்டமிட வேண்டாம். புளித்த ரொட்டியை வீட்டில் வைக்கக்கூடாத வசந்தகாலப் பண்டிகையான பாஸ்காவுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் வீட்டைத் துப்புரவாக்கும் வேலையிலேயே கழியும். பாஸ்காவுக்கும் அதை அடுத்து வரும் ஷாவுவோத் பண்டிகைக்கும் இடைப்பட்ட 49 நாட்களின் பெரும்பகுதியில் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் திருமணமோ இசை நிகழ்ச்சியோ வைப்பதில்லை. 33-ஆம் நாளான லக் பஓமர் அதற்கு விலக்கு. கோடையிலும், எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைத்துத் துக்கம் காக்கும் மூன்று வாரங்களுக்கு இதே தடை உண்டு. இவற்றைக் கழித்துப் பார்த்தால் உகந்த நாட்கள் எவை என்பது தெளிவாகும்: ஞாயிற்றுக்கிழமைகள், சபாத் மாலை ஐந்தரை மணிக்குள் முடிந்துவிடும் குளிர்காலச் சனி இரவுகள், வெளியூரில் படிக்கும் இளையவர்கள் வீடு திரும்பும் நவம்பர் மாத நன்றியறிதல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம். கோடைச் சனி இரவுகளில் சபாத் முடியவே ஒன்பது மணியாகிவிடும் என்பதால் அவை தோதுப்படாது.

வாழ்த்துவதிலும் நாளறிந்து பேச வேண்டும். சாதாரணப் பண்டிகைகளுக்கு ஹக் சமேயாஹ், வெள்ளியன்று சபாத் ஷாலோம், புத்தாண்டுக்கு ஷானா தோவா. யோம் கிப்பூர் நோன்பு நாள்; அதற்கு முன் "நோன்பு எளிதாக அமையட்டும்" என்று சொல்வது பொருந்தும், மகிழ்ச்சி வாழ்த்து பொருந்தாது. நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்ட 60 லட்சம் யூதர்களை நினைவுகூரும் யோம் ஹஷோஆ நாளில் பள்ளியில் ஆறு விளக்குகள் ஏற்றப்படும். தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்று மேடையில் நிற்பார்கள். அவர்களில் முன்னாள் மாணவர்களும் இருப்பார்கள். அன்று அடக்கமான உடை அணியுங்கள். வகுப்பில் விளையாட்டு, பரிசு போன்றவற்றை ஒத்திவையுங்கள். அடுத்த வாரமே இஸ்ரேலின் போர்வீரர் நினைவு நாளும் சுதந்திர நாளும் அடுத்தடுத்து வரும். முன்தின மௌனம் மறுநாள் ஆட்டபாட்டமாக மாறுவது புதியவருக்கு வியப்பாக இருக்கும். படித்து முடித்தபின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து படையில் பணியாற்றுபவர்கள் பல பள்ளிகளின் முன்னாள் மாணவர் பட்டியலில் இருப்பதால், இவை வெறும் வரலாற்று நாட்களாக அங்கே கருதப்படுவதில்லை. ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு இந்த உணர்வு இன்னும் கனத்துவிட்டது. அதைத் தொடர்ந்த போரைப் பற்றிய கருத்து ஒரே குடும்பத்துக்குள்ளும் வேறுபடலாம். எவருடைய நிலைப்பாட்டையும் நீங்களாக ஊகிக்காமல், "உங்களவர்கள் நலமா?" என்று மட்டும் கேட்டு, சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உணவு

நம்மில் சைவ உணவு உண்பவர்கள், "இறைச்சியே இல்லையே, பிறகென்ன?" என்று நினைத்து வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுபோய்விடுவதுண்டு. கோஷர் என்னும் யூத உணவு விதி அவ்வளவோடு நிற்பதில்லை. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் கூடாது என்பதோடு, சமைத்த பாத்திரம், அடுப்பு, பாலாடைக்கட்டியை உறையவைத்த பொருள், கீரையில் பூச்சி இருந்ததா என்ற சோதனை வரை அது விரியும். எனவே எவ்வளவு சுத்தமாகச் சமைத்திருந்தாலும், உங்கள் வீட்டு முறுக்கைப் பள்ளியின் பொது மேசையில் வைக்க முடியாது. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. யூதப் பெற்றோர் வீட்டில் சுட்ட கேக்கையும் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை.

செய்யக்கூடியது எளிது. கடையில் உறை பிரிக்காத பொட்டலத்தை வாங்கி, அதன் மேல் கோஷர் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து இருப்பது ஆர்த்தடாக்ஸ் யூனியனின் முத்திரை. அதன் அருகே டி எழுத்து இருந்தால் பால் சேர்ந்தது. இறைச்சியும் பாலும் இரண்டுமே சேராதவற்றைப் பார்வே என்பார்கள். எந்த விருந்துக்கும் அவை பொருந்தும் என்பதால், ஐயம் வந்தால் பார்வே பொருளை வாங்குங்கள். நறுக்காத முழுப் பழங்கள் பெரும்பாலும் எங்கும் ஏற்கப்படும். இதனோடு, நிலக்கடலை ஒவ்வாமை காரணமாகப் பள்ளி தனியே விதித்திருக்கும் தடைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மதிய உணவை ஆசிரியர் அறையில் உண்ணலாமா, அங்குள்ள மைக்ரோவேவில் சூடாக்கலாமா என்பதற்குப் பள்ளிக்குப் பள்ளி விடை மாறும். பாஸ்கா நெருங்கும் நாட்களில் மட்டும் எதையும் கொண்டுபோகாமலிருப்பதே நல்லது. அப்போது ரொட்டித் துணுக்குகூட எங்கும் மிஞ்சாதபடி வகுப்பறைகளைத் துடைத்துவைத்திருப்பார்கள்.

நான்காம் படி: புத்தகமும் பெயரும்

தொழுகைப் புத்தகமான சித்தூரைத் தரையில் வைக்கக்கூடாது. கை தவறி விழுந்துவிட்டால் எடுத்து முத்தமிடுவார்கள். கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறைவனின் எபிரேயப் பெயர் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் போடாமல், கெனிசா என்ற தனிப்பெட்டியில் சேர்த்துப் பிறகு புதைப்பார்கள். உங்கள் வகுப்பில் மாணவர் விட்டுச்சென்ற தாள்களில் எபிரேயம் இருந்தால் அந்தப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பல பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் சித்தூரை வழங்கும் விழா நடக்கும். பெற்றோர் வீட்டில் துணியாலும் மணியாலும் அட்டையை அலங்கரித்துக் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளை மேடையேறி, புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் தன் எபிரேயப் பெயரை விரலால் தடவிப் பார்க்கும்போது, அதே மேடையில் அதே போன்ற புத்தகத்தை வாங்கிய தாயும், சில குடும்பங்களில் தாத்தாவும்கூட, கீழே அமர்ந்திருப்பார்கள். முன்னாள் மாணவர்களை ஒரே இடத்தில் இயல்பாகச் சந்திக்க இதைவிட நல்ல நாள் இல்லை என்பது என் கருத்து. அவர்கள் அழைப்பிதழுக்காக வரவில்லை, பேரப்பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். நீங்கள் அருகே சென்று, "எந்த ஆண்டில் முடித்தீர்கள்?" என்று கேட்டால் போதும், பேச்சு தானே வளரும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. ஒருவருக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, எபிரேயப் பெயர் ஒன்று இருக்கும். ஐசக் என்று பதிவானவரை நண்பர்கள் யிட்ஸ்ஹாக் என்று அறிந்திருப்பார்கள். இஸ்ரேலில் குடியேறியவர்களில் சிலர் குடும்பப் பெயரையே எபிரேயத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். முன்னாள் மாணவர் பதிவேட்டைப் பராமரிப்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்களையும், பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும், பெயரின் மாற்று எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முன்னாள் மாணவரின் வாழ்க்கைச் சுழற்சியைப் பின்தொடர்தல்

நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் 12-ஆம் வகுப்பு முடித்தவர்களில் பலர் கல்லூரிக்குப் போகும் முன் ஓராண்டு இஸ்ரேலில் சமயக் கல்வி பயிலச் செல்கிறார்கள். பழகிய ஆசிரியரிடமிருந்து வரும் கடிதம் மிகவும் மதிக்கப்படும் காலம் அது. அந்த ஆண்டில் அவர்களைத் தேடி எழுதுங்கள். இயற்பியல் ஆசிரியர் எழுதினாலும் மகிழ்ந்து பதில் போடுவார்கள். கல்லூரி ஆண்டுகளில் தொடர்பு மெலியும். வேலை, திருமணம், குழந்தை என்று வரும்போது மீண்டும் உயிர்பெறும். தம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும் வயதில் அவர்களே தேடி வருவார்கள்.

கொண்டாட்டச் செய்திகளை வெளியிடுவதற்குச் சில வரைமுறைகள் உண்டு. நிச்சயதார்த்தம், திருமணம், பிறப்பு, ஆண்பிள்ளை சமயப் பொறுப்பேற்கும் 13 வயதில் வரும் பார் மிட்ஸ்வா ஆகியவற்றுக்கு மஸல் தோவ் என்று வாழ்த்தலாம். பெண்பிள்ளைகளுக்கான பாட் மிட்ஸ்வா மரபைப் பொறுத்து 12-லோ 13-லோ வரும். கருவுற்றிருப்பவருக்கு மட்டும் மஸல் தோவ் சொல்ல வேண்டாம். நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்ற பொருள்படும் பெஷாஆ தோவா என்பதே வழக்கம். குழந்தை பிறக்கும்முன் பரிசுப் பொருட்கள் கொடுப்பதையும் பலர் தவிர்ப்பார்கள். எனவே குடும்பத்தார் எழுதித் தராத எந்தச் செய்தியையும், எவ்வளவு மகிழ்ச்சியானதாக இருந்தாலும், நீங்களாக வெளியிட வேண்டாம்.

ஊர் மாறினாலும் ஊரிலுள்ள சமூகமே சுருங்கினாலும் இந்த உறவு விட்டுப்போவதில்லை. கொல்கத்தாவில் 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பெரும்பான்மையாகப் படிப்பவர்கள் முஸ்லிம் மாணவிகள். அந்நகரில் எஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவியர் என்றால் இரு சமயத்தவரும் அதில் அடக்கம்.

ஆறாம் படி: பணம்

இந்தப் பள்ளிகளின் கட்டணம் மிக அதிகம். நியூயார்க் வட்டாரத்தில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும் பள்ளிகள் பல. கட்ட இயலாத குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது தம் கடமை என்று பள்ளிகள் கருதுவதால், கல்வி உதவி நிதி திரட்டுவது ஆண்டு முழுதும் நடக்கும் வேலை. அதன் உச்சம் ஆண்டு விருந்து. முன்னாள் மாணவத் தம்பதி ஒருவரையோ ஓய்வுபெறும் ஆசிரியரையோ கௌரவித்து, வாழ்த்து விளம்பரங்கள் நிறைந்த மலர் ஒன்றை வெளியிட்டு, அதன் வழியாக நிதி சேர்ப்பார்கள். ஊழியராக உங்களுக்கும் அழைப்பு வரும்; போய்வாருங்கள். கௌரவிக்கப்படுபவரின் ஆசிரியர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவருடைய குடும்பம் கவனிக்கும்.

நன்கொடையும் பரிசுப்பணமும் 18-இன் மடங்குகளில் தரப்படுவதைக் காண்பீர்கள்: 18, 36, 54, 180 டாலர். வாழ்வு என்று பொருள்படும் ஹாய் என்ற எபிரேயச் சொல்லின் இரண்டு எழுத்துகளின் எண்மதிப்பு எட்டும் பத்தும் என்பது காரணம். மாணவரின் பார் மிட்ஸ்வாவுக்கு நீங்கள் 36 டாலர் வைத்துக் கொடுத்தால், வழக்கமறிந்து கொடுத்ததாக மகிழ்வார்கள். பாஸ்காவுக்கு முன் வரும் பூரிம் என்ற கொண்டாட்டப் பண்டிகையின்போது குறைந்தது இரண்டு வகைத் தின்பண்டங்கள் அடங்கிய கூடைகள் வீட்டுக்கு வீடு போகும். பல பள்ளிகளில் பெற்றோர் சங்கமே பட்டியலிட்டு அனுப்பி அதிலும் நிதி திரட்டுகிறது.

முன்னாள் மாணவர் அலுவலகத்தில் பணியாற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள். பல ஆண்டுகள் தொடர்பில்லாத ஒருவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள். அவருடைய வகுப்புப் புகைப்படத்தை அனுப்புங்கள், அவர் விரும்பிய ஆசிரியரின் முகவரியைக் கொடுங்கள், அவர் வீட்டுத் துக்கத்துக்கு யாரையாவது அனுப்புங்கள். அதற்கப்புறம் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

ஏழாம் படி: துக்க வீடு

முன்னாள் மாணவர் உறவில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். வெள்ளிவிழாச் சந்திப்புக்கு வராதவர்கூட, தன் தாய் இறந்தபோது பழைய வகுப்பாசிரியர் படியேறி வந்ததை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

செய்தி பள்ளியின் மின்னஞ்சலாகவே பெரும்பாலும் வரும். தலைப்பில் பாருக் தயான் ஹா-எமெத் என்ற சொற்கள் இருந்தால் இறப்புச் செய்தி என்று அறிந்துகொள்ளுங்கள். அதன் கீழே இறந்தவர் பெயர், அவர் எந்த மாணவருக்கு, எந்த ஆண்டு முன்னாள் மாணவருக்கு என்ன உறவு, அடக்கம் நடக்கும் இடமும் நேரமும், ஷிவா நடக்கும் வீட்டு முகவரி, விருந்தினர் வரலாகும் நேரங்கள், உணவு ஏற்பாட்டை ஒருங்கிணைப்பவரின் தொடர்பு ஆகியவை வரிசையாக இருக்கும். அடக்கம் கூடிய விரைவில், இயன்றால் மறுநாளே நடந்துவிடுவதால் அந்த மின்னஞ்சலைப் பிறகு படிக்கலாம் என்று ஒதுக்காதீர்கள்.

அடக்கத்துக்குப் பின் ஏழு நாட்கள் நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து துக்கம் காப்பதே ஷிவா. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை வருகை இராது. இடையில் பெரும் பண்டிகை வந்தால் ஷிவா அத்துடன் முடிந்துவிடும். ஆகவே அறிவிப்பில் உள்ள நாட்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பூ வேண்டாம், மாலை, மலர்வளையம் எதுவும் அவர்கள் வழக்கமில்லை. உணவு கொண்டுபோவதானால் ஒருங்கிணைப்பவரிடம் கேட்டு, முத்திரை உள்ளதாகவே கொண்டுபோங்கள். கதவு தாழிடாமல் இருக்கும். மணி அடிக்காமல் உள்ளே போகலாம். கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருக்கும். துக்கம் காப்பவர்கள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். எழுந்து உங்களை வரவேற்க மாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். நலம் விசாரிக்காமல் அருகே அமருங்கள். அவர் பேசத் தொடங்கும்வரை மௌனமாக இருப்பதே மரபு. பேசத் தொடங்கிவிட்டால், இறந்தவரைப் பற்றி நீங்கள் அறிந்த ஒன்றைச் சொல்லுங்கள்: பெற்றோர் சந்திப்புக்கு அவர் எப்போதும் முதல் ஆளாக வருவதை, மகனின் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியை. பொதுவான ஆறுதல் மொழிகளைவிட இத்தகைய சிறு செய்தியையே அவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

நடுவே தொழுகை தொடங்கினால் திகைக்க வேண்டாம். இறந்தோருக்காகச் சொல்லும் கதீஷ் என்ற வேண்டுதலைச் சொல்லப் பத்துப் பேர் கொண்ட மின்யான் கூட வேண்டும் என்பதால் முன்னாள் வகுப்புத் தோழர்கள் முறைவைத்து வருவார்கள். ஆர்த்தடாக்ஸ் மரபில் பத்து யூத ஆண்களே கணக்கு. பிற மரபுகளில் பெண்களும் சேர்வார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் சேராவிட்டாலும் அமைதியாக நிற்கலாம். கால்மணி நேரம், இருபது நிமிடம் இருந்தால் போதும். விடைபெறும்போது யூதர்கள், சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துயருறும் மற்றவர்களோடு சேர்த்து இறைவன் உங்களையும் ஆற்றுவாராக என்ற பொருளில் எபிரேய வாசகம் ஒன்றைச் சொல்வார்கள். நீங்கள் ஆங்கிலத்தில், அவருடைய நினைவு ஆசியாக நிலைக்கட்டும் என்று சொன்னால் முற்றிலும் பொருத்தம்.

ஏழு நாட்களோடு முடிந்ததாக எண்ண வேண்டாம். பெற்றோருக்காகப் பதினொரு மாதங்கள் கதீஷ் சொல்வது வழக்கம்; ஆண்டுதோறும் எபிரேயத் தேதிப்படி யார்ட்ஸைட் என்ற நினைவு நாள் வரும். சூரியன் மறைந்தபின் இறந்தவருக்கு அடுத்த நாளின் தேதியே கணக்கு என்பதைப் பதிவேட்டில் கவனமாகக் குறித்து, அந்த நாளில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

பாதுகாப்பு

2012-ல் பிரான்சின் துலூஸ் நகரில் யூதப் பள்ளி வாசலிலேயே ஆசிரியர் ஒருவரும் மூன்று பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்டார்கள். வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்பதும், முன்னாள் மாணவரே வந்தாலும் முன்பதிவும் அடையாள அட்டையும் கேட்பதும் இந்தப் பின்னணியில்தான். உங்கள் உறவினரை முன்னறிவிப்பின்றி உள்ளே அழைத்து வராதீர்கள். பின்னால் வருபவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். மாணவர்களின் படங்களையோ, நடக்கவிருக்கும் நிகழ்ச்சியின் இடத்தையும் நேரத்தையுமோ உங்கள் சமூக ஊடகக் கணக்கில் போட வேண்டாம்.

உங்கள் வீட்டு நன்மை தீமை

இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் அவர்களுடைய வீடுகளுக்குப் போவதுபோல, உங்கள் வீட்டில் ஒன்று நடந்தால் அவர்களும் வருவார்கள். ஊரில் உங்கள் தந்தை காலமாகி, நீங்கள் அவசரமாகப் புறப்பட்டுப் போய்த் திரும்பினால், பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் வந்து நிற்கக்கூடும். உணவு அனுப்புவதற்குப் பட்டியல் போட்டிருப்பார்கள். வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது. தவறாக எதையும் செய்துவிடக்கூடாதே என்ற தயக்கம்தான் இருக்கும். எத்தனை நாள் துக்கம் காப்பீர்கள், எந்த நேரத்தில் வரலாம், வீட்டில் முட்டை சேர்ப்பீர்களா, படத்துக்குப் பூ வைக்கலாமா, காரியம் எந்தத் தேதியில் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அதை மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு, அதன்படியே வருவார்கள்.